நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள்: குடும்ப ஏடுகளும் வாழ்க்கையும்

ஒருவருடைய சரித்திரத்தை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் கைக்கு எட்டுவன அவர் குடும்பத்தார் போற்றி வைத்த ஏடுகளேயாம். யாழ்ப்பாணத்திலே இவை ஒருவாறு ஒழுங்குபட்டுக் கிடப்பன. பிள்ளை பிறந்தவுடன் எழுதப்படுஞ் சாதகவோலை ஒன்று. ஒல்லாந்தர் காணிகளையும் காணிக்குடையாரையும் பதிந்து வைத்த தோம்பு ஒன்று. தேசவழமையின்படி முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்தெழுதும் உறுதிகள் பல. இவற்றோடு, கச்சேரியிலே உத்தியோகம் பெற்றவராயின் அவருடைய நியமனப் பத்திரமும் ஒரு பெட்டியின் அடியிற் கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வாழ்ந்த ஒரு பாட்டனாரைத் தேடிச் செல்லும் பேரன், பெரும்பாலும் இவற்றைக்கொண்டே அவர் இன்ன ஆண்டிற் பிறந்தார், இன்னார் மகளை மணந்தார், இன்ன காணியை ஆண்டார், இன்னார்க்குக் கொடுத்து மாண்டார் என்று ஒருவாறு வரையறை செய்துவிடுகின்றான்.

நல்லூர் ஆறுமுகநாவலரவர்களைத் தேடிச் செல்லும்போது இவ்வழி பாதியிலே நின்றுபோகின்றது. அவர் மணஞ் செய்திலர். ஆதலின் மாப்பிள்ளையாக ஒரு சீதன உறுதியிலும் அவர் பெயர் ஏறிற்றில்லை. அரசாங்க உத்தியோகம் ஏற்றிலர். ஆதலின் நியமனப் பத்திரமும் இல்லை. மக்கள் இலர், ஆதலின் அவரைப் பாட்டனார் என்று உரிமை கொண்டாடிப் பெட்டி திறப்பாரும் இலர். குடும்ப ஏடுகள் எவற்றை எழுதுதற்கென்று அமைந்தனவோ அவற்றையெல்லாம் அவர் தாமே விலக்கிக்கொண்டார். அங்ஙனமாயின் அவரை எங்கே காண்பது? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நாவலரவர்களுடைய சரித்திரம் நம்மவர்க்குப் புதிதன்று. அவர் சிவபதமடைந்து மூன்றாண்டு கழியுமுன் 1882இலே கனகரத்தின உபாத்தியாயர் ஒரு சரித்திரம் எழுதி வெளியிட்டனர். பின்னர் 1916இலே நாவலரவர்களுடைய தமையனார் புதல்வராகிய த. கைலாசபிள்ளையவர்கள் விரிந்ததொரு சரித்திரத்தை வெளியிட்டனர். முன்னது பாடசாலையிற் பக்கத்தே நின்று கண்டவர் எழுதியது. பின்னது வீட்டினுள்ளிருந்து கேட்டவர் எழுதியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எனினும் வீட்டுச் செய்தி வீட்டாரன்பினாலே சிறிது வளர்ந்து வருதல் உலகியற்கை. ஆதலின் அன்பினால் வந்தது எது, ஆதாரத்தால் வந்தது எது என்று பிரித்து நோக்குதல் நாவலரவர்களுக்குக் குறை செய்வதாகாது. அவர்தாமும் பிழை கண்டவிடத்து இன்னாருடைய நூலென்று நோக்கி விட்டவரல்லர்.

சாதகக் குறிப்பிலிருந்து தொடங்குவோம். சித்திரபானு வருஷம் மார்கழி மாதம் 5ஆந் தேதி புதன்கிழமை, அவிட்ட நட்சத்திரம் என்பது அக்குறிப்பு. ஆங்கிலக் கணக்கின்படி அஃது 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் தேதியாகும். கணித்து நோக்கின் அந்நாள் புதன்கிழமையாதலும், அமாவாசை கழிந்து ஐந்தாம் நாளளவிலே சந்திரன் அவிட்டத்தில் நிற்றலும் பொருந்துகின்றன. இத்துணை நுண்மையாகப் பொருந்துவது பின்னாளிலே மனத்தாற் கற்பித்து எழுதிய குறிப்பாகாது. பிறந்தபோதே எழுதி வைத்த ஓலையைப் பார்த்து எழுதியதேயாகல் வேண்டும். குடும்ப ஏடுகளிலே சாதகம் ஒன்றே பொய் சொல்லக் காரணமில்லாத ஏடு என்பது நமது துணிபு. வயதைக் குறைத்தும் கூட்டியுஞ் சொல்லுவார் உளரேனும் சாதகத்தைத் திருத்தினாற் சோதிடமும் பிழைத்துப்போம் அன்றோ!

தந்தையார் கந்தர், தாயார் சிவகாமி. கந்தரவர்கள் தமிழ் வல்லவர், நாடகங்கள் பாடியவர். ஆண்மக்களுள் இளையவராகப் பிறந்தவர் நாவலரவர்கள். இவருக்கு ஒன்பது வயதாகும்போது தந்தையார் ஒரு நாடகத்தைப் பாடிக்கொண்டிருக்கையிலே அது முற்றுப்பெறுமுன் இறந்தனர் என்றும், எஞ்சிய பகுதியை இச்சிறுவரே பாடி முடித்தனர் என்றும் குடும்பத்தார் சொல்லி வந்தனர். இக்கதை பலராலும் எடுத்தாளப்படுகின்றது. நாம் இதனை மறுத்தற்குத் துணியவில்லை. ஆயினும் கைப்பட எழுதிய ஏடு இன்றி இதனைச் சாதகத்தோடு ஒப்ப வைத்தற்கும் துணியவில்லை. புலவர் குடும்பங்கள் பலவற்றிலே இத்தகைய கதை ஒன்று வழங்குதலைத் தமிழ்ப் புலவர் சரித்திரங்களிற் பழகியோர் அறிவர். தந்தையார் நாடகம் பாடியவர் என்பதும், மகனார் இளமையிலேயே செய்யுள் செய்ய வல்லராயினார் என்பதும் இதனாற் பெறப்படும். அவ்வளவு அமையும்.

நல்லூர்ச் சுப்பிரமணியபிள்ளையவர்களிடம் தொடக்கக் கல்வியும், சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராய முதலியாரிடத்தும் இலக்கிய இலக்கணமும் கற்றனர். தமையன்மார் உத்தியோகத்துக்குரிய கல்வியை விரும்பியமையால் வெஸ்லியன் மிஷனாரின் ஆங்கிலப் பாடசாலையிலே சேர்க்கப்பட்டனர். அதன் தலைவர் பேர்சிவல் பாதிரியார். அக்காலத்து யாழ்ப்பாணத்திலே ஆங்கிலம் கற்றல் கச்சேரிக்கு வழி என்பதும், அவ்வழி மிஷன் பாடசாலையினூடே செல்வது என்பதும் யாவரும் அறிந்தனவே. தமையன்மார் நோக்கம் தவறன்று. ஒரு குடும்பம் தன் இளம்பிள்ளைக்கு நன்மை தேடும் இயல்பான முறையே அது. பின்னே நிகழ்ந்தவற்றால் அந்நோக்கம் முற்றும் வேறாயிற்று.

1841 தொடங்கி நாவலரவர்கள் அப்பாடசாலையிலேயே ஆசிரியராயினர். கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தனர். பேர்சிவல் பாதிரியார்க்குத் தமிழ் கற்பித்ததோடு, அவர் விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தபொழுது பக்கத்திருந்து துணை செய்தனர். அம்மொழிபெயர்ப்பைச் சென்னையிலே அறிஞர் முன் வைத்து ஒப்புதல் பெறுதற்குப் பாதிரியாருடன் நாவலரவர்களுஞ் சென்றனர். அங்கே மழவை மகாலிங்கையரவர்கள் அதனை நோக்கி நடை நன்றென்று மகிழ்ந்தனர் என்பது சரித்திரம். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சைவருட் சிலர் இப்பகுதியைச் சொல்ல நாணுகின்றனர். நமக்கு இதில் நாணத்தக்கது யாதும் புலப்படவில்லை. பிற்காலத்திலே அவர் பரசமயத்தாரோடு வாதிட்டபோது எதிரியின் நூலை எழுத்தெண்ணிக் கற்றவராய் நின்று வாதிட்டமைக்குக் காரணம் இதுவேயாம்.

ஆசிரியராயிருந்த அவ்வாண்டுகளிலேயே அவர் சைவநூல்களையும் ஆகமங்களையும் தேடிக் கற்றுக்கொண்டிருந்தார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற் சைவப்பிரசங்கம் நிகழ்ந்தது. அதன்பின் வெள்ளிதோறும் பிரசங்கம் நடைபெற்றது. நல்லூர்க் கார்த்திகேயஐயரவர்களும் உடனிருந்து பிரசங்கித்தனர். பிரசங்கம் என்னும் முறையே பாதிரிமாரிடத்துக் கண்டு கொள்ளப்பட்டது. கோயில் மண்டபத்திலே புராணத்துக்குப் பயன் சொல்லுதல் நம் நாட்டிலே பழையது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு சாதாரண சனங்கள் விளங்க வசனத்திலே பேசுதல் புதியது. பகற்பொழுதிலே மிஷன் பாடசாலையில் ஊதியம், வெள்ளியிரவிலே சிவன்கோயிலிற் பிரசங்கம் என்னும் இந்நிலை நெடுங்காலம் நில்லாதென்பது அவருக்கும் பாதிரியார்க்குந் தெரிந்தே இருந்திருக்கும்.

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தாபிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நாவலரவர்கள் மிஷன் பாடசாலையை விட்டு விலகினர். ஊதியத்தை உயர்த்தித் தருவதாகப் பாதிரியார் கூறியும் இசைந்திலர் என்று குடும்பத்தார் சொல்வர். இச்செய்தியை நாம் ஐயுறவேண்டுவதில்லை; ஏனெனில் அவர் இழந்தது இன்னதென்பதற்கு அவரே பின்னர்ச் சான்று எழுதி வைத்தார். அச்சான்று 1868ஆம் ஆண்டு சைவசமயிகளுக்கென்று அவர் வெளியிட்ட விக்கியாபனம்.

இவ்விக்கியாபனத்தைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லல் வேண்டும். நாம் தேடிய குடும்ப ஏட்டின் இடத்தை நிரப்புவது இதுவே. தம்முடைய வாழ்க்கையைத் தாமே சொல்லிக்கொள்ள அவர் விரும்பியவரல்லர். பாடசாலைகளுக்குப் பொருள் வேண்டிச் சைவர்களை வினவப் புகுந்தவர், கேட்பவன் யார் என்று அவர்கள் வினவுமுன் விடை சொல்லவேண்டியவரானார். அவ்விடையிலே தாம் ஆங்கிலமும் ஓரளவு கற்றிருந்தும், தம்முடனும் தமக்கு முன்னும் பின்னும் கற்றவர் பலர் உத்தியோகம் பெற்று வாழ்வதைக் கண்டும், தாம் அதனை விரும்பாமைக்குக் காரணம் சைவத்தையும் தமிழையும் வளர்க்கும் ஆசை ஒன்றே எனக் கூறினர். தமிழ்க்கல்வியின் துணையாலேயே கிடைக்கத்தக்க உத்தியோகம் வலிய வந்தபோதும் ஏற்றுக்கொண்டிலர் என்பதும், இல்வாழ்க்கையிற் புகாதிருந்தமைக்கும் இவ்வாசையே காரணம் என்பதும் அதனாற் புலப்படுகின்றன.

இதனை ஒரு கணக்கோலை போலவே நாம் படிக்கின்றோம். வந்த வரவு இல்லை. விட்ட வரவு எழுதப்பட்டிருக்கின்றது. உறுதியிலே ஒருவன் தன் காணியின் நான்கெல்லை சொல்வது போல, நாவலரவர்கள் தாம் விட்டவற்றின் எல்லையைச் சொல்லி வைத்தார். அதிலே தற்புகழ்ச்சி உண்டென்று குறை கூறினாரும் உளர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. பாடசாலை தொடங்கி இருபது ஆண்டு கழிந்திருந்தது. முதலில் உபாத்தியாயர்கள் வேதனமின்றியே கற்பித்தனர். அந்நிலை நீடித்து நிற்றல் அரிது. கொடுக்கத்தக்கவர் கொடாது வாளாவிருப்ப, பிறர்க்கென்று கையேந்துவோன் தன் மடியிலே ஒன்றும் இல்லை என்று காட்டுதல் தற்புகழ்ச்சியாமோ? ஒருசிலவிடங்களிலே அவர் சொற்கள் கடுமையாயிருத்தல் உண்மையே. அக்கடுமை பொருளுடைய சைவர்களை நோக்கி எழுந்தது. தம்மை உயர்த்துதற்கு எழுந்ததன்று.

இரண்டாவதாக நமக்குக் கிடைக்கும் ஏடு அவர் பதிப்பித்த நூல்களின் முகப்புத்தாள். முகப்புத்தாளைக் கொண்டு வாழ்க்கையை ஆராய்தல் புதுமையாகத் தோன்றலாம். நாவலரவர்கள் பதிப்புக்களின் முகப்பிலே நூற்பெயரும், பரிசோதித்தவர் பெயரும் ஊரும், அச்சியந்திரசாலையின் பெயரும், அச்சிட்ட வருஷமும் மாதமும் ஒழுங்காகப் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை ஆண்டு முறைப்படி நிரல்பட வைத்தால், அவர் எந்தக் காலத்திலே சென்னையிலிருந்தார், எப்போது யாழ்ப்பாணம் மீண்டார், அக்காலங்களிலே கையில் வைத்திருந்த வேலை யாது என்பன தினக்குறிப்புப் போல விளங்குகின்றன.

1849ஆம் ஆண்டு தம் மாணாக்கர் நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையுடன் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழகம் வந்தனர். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்துக்குச் சென்று, அங்கே சைவசித்தாந்தப் பிரசங்கஞ் செய்து, சந்நிதானத்தாலே நாவலர் என்னும் பட்டம் பெற்றனர். ஆறுமுகப்பிள்ளையாகக் கடலைக் கடந்தவர் ஆறுமுகநாவலராகக் கடலைக் கடந்து மீண்டனர். ஆதீனங்களோடு பழகும் நம்மன்பர்களுக்கு இப்பகுதி இனிதாயிருக்கும். ஈழநாட்டிலே ஆதரவு குறைந்து நின்ற ஓர் இளைஞருக்கு, அப்போது வயது இருபத்தாறே ஆகியிருந்தவருக்கு, வரன்முறையாக வந்த ஒரு திருமடம் அளித்த அங்கீகாரம் அஃது. யாழ்ப்பாணத்துச் சைவர் அவரை நோக்கும் நோக்கு அதன்பின் மாறியிருக்கும் என்பதில் ஐயமில்லை. சென்னையிலே அவ்வாண்டிலேயே சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரியுரையையும் அச்சிட்டனர். அச்சியந்திரத்தோடு மீண்டு வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலனயந்திரசாலையைத் தாபித்தனர்.

1850 தொடங்கி அவ்வியந்திரசாலையிலிருந்து சிறுவர்க்குப் பாலபாடமும், வழிபாட்டுக்குரிய சிறுநூல்களும், நீதிநூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1852இலே பெரியபுராண வசனம் வெளிவந்தது. நாயன்மார் சரித்திரத்தைச் செய்யுள் அறியாதார்க்கும் வசனத்திலே கொடுத்த நூல் அது. வசனநடை என்பது அக்காலத்திலே இன்னும் உருப்பெறாதிருந்தது. வாக்கியம் எங்கே முடிகின்றது என்பது படிப்பவன் கருத்துக்கு விடப்பட்டிருந்தது. ஆங்கில நூல்களிலும் மிஷன் அச்சுக்களிலும் பழகிய நாவலரவர்கள் நிறுத்தற்குறிகளை இட்டுச் சந்தி பிரித்து எழுதி அச்சிட்டனர். மிஷன் பாடசாலையிலே கழித்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்பதற்கு இஃதொரு சான்று. பேர்சிவல் பாதிரியார் தந்த ஊதியத்தை அவர் விட்டு வந்தார். கற்ற வித்தையை உடன்கொண்டு வந்தார்.

1854இலே சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. சைவத்தை இழித்துரைத்தார்க்கு அவர்கள் வேதத்தின் மேற்கோளையே எடுத்துக்காட்டி விடையிறுக்கும் நூல் அது. அவர் தம் பழைய பாடசாலையின் நூலறையிலே கற்ற கல்வி இதன் ஒவ்வொரு பக்கத்திலும் புலனாகின்றது.

பின்னர்ச் சென்னையிலே நெடுங்காலம் தங்கினமையை முகப்புத்தாள்கள் தெரிவிக்கின்றன. 1860இலே திருக்கோவையார் உரையும் 1861இலே திருக்குறட் பரிமேலழகருரையும் வெளிவந்தன. இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவரவர்கள் இவற்றுக்குப் பொருளுதவி செய்தனர். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சிறப்புப்பாயிரம் அளித்தனர். ஒரே ஆதீனத்தின் அன்பிலே நின்ற இருவர், ஒருவர் செய்யுளாலும் மற்றவர் வசனத்தாலும் தொண்டு செய்தவர், ஒருநூலின் முன்பக்கங்களிலே கூடி நிற்கக் காண்கின்றோம். 1868இலே சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் பதிப்பித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் நாவலரவர்களாற் பரிசோதிக்கப்பட்டது. பழந்தமிழ் நூற்பதிப்பிலே பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற ஒருவர் தம் தொடக்கப் பணிகளுள் ஒன்றை இவர் கையிலே கொடுத்துத் திருத்தி வாங்கினர் என்பது அம்முகப்பினால் அறியப்படும்.

1864இலே சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தனர். யாழ்ப்பாணத்தாருக்குத் தில்லையோடு பழைய தொடர்பு உண்டு. திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் பதினேழாம் நூற்றாண்டிலே பறங்கியராட்சியிலிருந்து நீங்கிச் சென்று தில்லையிலே திருக்குளம் அமைத்தனர் என்பர். நாவலரவர்கள் குடும்பம் அம்முனிவர் மரபைச் சார்ந்தது என்று வீட்டார் கூறி வந்தனர். மரபுவழியை ஓலை கொண்டு மெய்ப்பித்தல் நம்மாலாவதன்று. எனினும் ஒரு குடும்பம் தன் முன்னோருள் யாரை நினைவில் வைத்துப் போற்றுகின்றது என்பதும் ஒரு சான்றே. பசுவைக் கொலைக்குக் கொடாது ஊரைத் துறந்த ஒருவரை முன்னோராகச் சொல்லி வளர்த்த வீட்டிலே பிறந்த பிள்ளை, பின்னாளிலே தானும் ஒரு வாழ்வைத் துறந்து தில்லைக்கு வந்ததை நாம் தற்செயலென்று கொள்ளவில்லை.

1869ஆம் ஆண்டு இராமலிங்க பிள்ளையவர்களுடைய பாடல்களை அருட்பாவெனல் கூடாதென்று எழுந்த வாதமும், அதனாலே மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நிகழ்ந்த வழக்கும் இன்றுவரை இரு பக்கத்தாராலும் எழுதப்பட்டு வருகின்றன. அதனை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. இரு பக்கத்தும் நின்றவர்களுடைய அன்பர்கள் இன்று ஒரே பந்தியிலே இருந்து உண்ணுகின்றனர்.

ஒன்றை மாத்திரம் விடாது சொல்லல் வேண்டும். நாவலரவர்களுடைய பாடசாலைகளும் நூல்களும் அக்காலத்து யாழ்ப்பாணத்துச் சாதியாசார வரம்பைக் கடந்தனவல்ல. அவர் எழுத்துக்களிலே அவ்வரம்பு வெளிப்படையாகவே உள்ளது. குடும்பத்தார் எழுதிய சரித்திரம் இதனை மறைத்ததுமில்லை, குறையென்று எண்ணியதுமில்லை. இன்று சரித்திரம் எழுதுவோருட் சிலர் இதனைச் சொல்லாது விடுகின்றனர். வேறு சிலர் இதனையன்றிப் பிறிதொன்றும் சொல்லுகின்றிலர். திருநாளைப்போவாரையும் திருநீலகண்டத்து யாழ்ப்பாணரையும் வசனத்திலே உருகி எழுதிய கை, தன் பாடசாலை வாயிலிலே அவர் வழிவந்தாருக்கு இடஞ்செய்திலது. இதனை நாம் ஏட்டிலுள்ளபடியே வைத்துச் செல்கின்றோம்.

1870இலே யாழ்ப்பாணம் மீண்டபின் அவர் வாழ்க்கை அச்சுக்கூடத்தை விட்டுப் பெரும்பாலும் ஊர்க்காரியங்களிலே சென்றது. முகப்புத்தாள்கள் அருகுகின்றன, விண்ணப்பங்களும் விளம்பரங்களும் பெருகுகின்றன. 1872இலே வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலை தொடங்கினர். தம்மைக் கச்சேரி உத்தியோகத்துக்கு ஆயத்தஞ் செய்தற்குத் தமையன்மார் மிஷன் பாடசாலையைத் தேட நேர்ந்ததன்றோ? அவ்வின்றியமையாமை பிற சைவப்பிள்ளைகளுக்கு வாராதிருக்கச் செய்த முயற்சி இது. பொருட்குறைவால் நான்காண்டிலே, 1876இலே, அது நின்றுபோயிற்று. அவர் தொடங்கியவற்றுள் அவர் கண்முன்னே முறிந்த முயற்சி அது. 1888இலே சைவபரிபாலன சபை தோன்றி, அதன் ஆதரவிலே இந்துக்கல்லூரி வளர்ந்தபோது அதனைக் காண அவர் இருந்திலர்.

1877ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணத்திலே பஞ்சமும் வாந்திபேதியும் பரவின. நாவலரவர்கள் பொருளுடையாரிடத்துத் தொகை சேர்த்து வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தனர். அக்காலத்து அரசாங்க ஏசண்டராயிருந்த துவைனம் துரையின் நிருவாகக் குறைகளை வெளிப்படையாக எழுதிக் கண்டித்தனர். தமையன்மார் உத்தியோகம் பார்த்த அரசாங்கத்தையே தம்பியார் கண்டித்தெழுதினர் என்பதை நினைக்குங்கால், உத்தியோகத்தை மறுத்ததன் பயன் ஒருவாறு விளங்குகின்றது. கைகட்டி நிற்பவன் இவ்வாறு எழுதுதல் கூடுமோ? 1879இலே சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக இராமநாதனவர்கள் நியமிக்கப்படவேண்டுமென்று கூட்டங்கூட்டிப் பேசினர். இராமநாதனவர்களும் நியமனம் பெற்றனர்.

அவ்வாண்டு ஆடிச் சுவாதியிலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தன்று, வண்ணார்பண்ணை வித்தியாசாலையிலே செய்த பிரசங்கமே இறுதிப் பிரசங்கமாயிற்று. பின்னர் நோய் மிகுந்தது. பிரமாதி வருஷம் கார்த்திகை மாதம் 21ஆந் தேதி வெள்ளிக்கிழமை, மக நட்சத்திரத்திலே, 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் தேதி இரவு, மாணாக்கர் தேவார திருவாசகங்கள் ஓதக் கேட்டவாறே சிவபதமடைந்தனர். சாதகப்படி ஐம்பத்தேழு வயது நிறைதற்குச் சின்னாட்களே குறைந்தன. முதற் பிரசங்கம் செய்ததும் வெள்ளியிரவு, முடிந்ததும் வெள்ளியிரவு.

இனி அவர் விட்டுச் சென்ற ஏடுகள் என்னாயின என்பதையுஞ் சொல்லல் வேண்டும். மணஞ் செய்யாதார் இறப்பின் தேசவழமை உடன்பிறந்தார் பக்கம் நோக்கும். நாவலரவர்கள் விட்டுச் சென்றவை பாடசாலைகளும் அச்சுக்கூடமும் அறக்காரியங்களுமேயாதலின், பங்கிட்டுக் கொள்ளுதற்கன்றிப் பாரந்தாங்குதற்கே உரிமையாளர் வேண்டியிருந்தது. அதனை மருகர் பொன்னம்பலபிள்ளையவர்களும், தலைமாணாக்கர் சதாசிவப்பிள்ளையவர்களும், தமையனார் புதல்வர் கைலாசபிள்ளையவர்களும் தத்தமக்கியன்றவாறு ஏற்றனர். பொன்னம்பலபிள்ளையவர்கள் புராணபடனத்திலே மாமனார் குரலைத் தொடர்ந்தனர். சதாசிவப்பிள்ளையவர்கள் அச்சுக்கூடத்தைத் தாங்கினர். கைலாசபிள்ளையவர்கள் துண்டுப் பத்திரங்களாகச் சிதறிக் கிடந்த விக்கியாபனங்களையும், கண்டனங்களையும், விண்ணப்பங்களையும் தேடியெடுத்துப் பிரபந்தத் திரட்டாகத் தொகுத்தனர். சரித்திரம் எழுதியதினும் இத்தொகுப்பையே நாம் அவர் செய்த பெரிய தொண்டாக மதிக்கின்றோம். சரித்திரத்திலே சிற்றப்பாவைப் பற்றிய அன்பு பேசுகின்றது. திரட்டிலே சிற்றப்பாவே பேசுகின்றார். துண்டுப் பத்திரம் என்பது படித்தவுடன் எறியப்படும் பொருள். அதனை எடுத்து வைக்க ஒரு வீடு இருந்திராவிடின் 1868ஆம் ஆண்டு விக்கியாபனம் இன்று நம் கைக்கு வந்திராது. அஃதின்றேல் அவர் விட்டவை இன்னவென்று அவர் வாயாற் கேட்டிருத்தலும் இயலாது.

இதனை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதன்பின் நிகழ்ந்த நெடும்போரிலே வீடுகள் இடம்பெயர்ந்தபோது பெட்டிகளோடு போன சாதகங்களும் உறுதிகளும் எண்ணிறந்தன. பொதுவிடத்திலே ஒருங்கே வைத்தவை ஒருங்கே எரிந்தன. பல படிகளாக அச்சேறியும், கடல்கடந்து சென்னையிலும் சிதம்பரத்திலும் ஆதீனப் புத்தகசாலைகளிலும் பரவியும் இருந்தவை தப்பின. 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் மின்னூற்சேமிப்பினர் ஈழத்து அச்சுநூல்களைப் படம்பிடித்து யாவரும் காண வைத்தமையால், நாம் மேலே கூறிய முகப்புத்தாள்களுட் சிலவற்றை இருந்த இடத்திலிருந்தே காணுதல் இன்று கூடும். திருமடங்களின் புத்தகசாலைகளிலே நாவலர் பதிப்புக்களின் முதற்படிகளை உடையார், அவற்றின் முகப்பையும் பின்னட்டை விளம்பரத்தையும் கட்டடஞ் செய்யுங்கால் வெட்டிவிடாது வைத்தல் வேண்டும் என்று வணங்கிக் கேட்டுக்கொள்ளுகின்றோம். விளம்பரப் பக்கத்திலேதான் அச்சிடப்போகும் நூல்களின் பெயர் கிடைக்கும். அவற்றுள் அச்சேறாது நின்றனவும் உள.

1879க்குப் பின் வந்த பதிப்புக்களை வரிசையாக நோக்கினால் ஒரு வேறுபாடு காணப்படுகின்றது. முன்னே பரிசோதித்து அச்சிட்டவராக நின்ற பெயர், பின்வந்தவற்றிலே நூலைச் செய்தவர் பெயராக மேலே எழுந்து நிற்கின்றது. அதன்கீழே, அவருடைய மாணாக்கரென்னும் அடைமொழியோடு, 1849இலே அவருடன் கடல்கடந்த சதாசிவப்பிள்ளையின் பெயர் பதிப்பித்தவர் பெயராக வருகின்றது. யந்திரசாலையின் பெயரும், வருஷமும் மாதமும், முன்போலவே அடியில் உள்ளன.